ஒத்து ஊதும் மூச்சு: பழகிப் பார்த்ததில் இதுவரை

நாகஸ்வரத்துக்குத் துணையாக, ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும் ஒத்து என்ற குழலை ஊதுகிறவர் எப்போது மூச்சு வாங்குகிறார் என்றே தெரியாது. சுருதி அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். அந்த மூச்சை என் உடம்பில் வரவழைக்க முடியுமா என்று சில மாதங்களாகப் பழகி வருகிறேன். குழலின் வாயில் செருகி ஊதும் நாணல் துண்டான சீவாளி, திருவாவடுதுறையில் வாங்கியது. சொல்லித்தருகிறவர் குத்தாலம் பக்கத்தில் ஒத்து ஊதிய பெரியவர்.

முதலில் என்னிடம் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்த்தேன். ஐந்து லிட்டர் கேனில் அளவுக்கோடு போட்டு, தண்ணீர் நிரப்பி, தொட்டித் தண்ணீருக்குள் கவிழ்த்து, ரப்பர் குழாயைச் செருகி, முழு மூச்சையும் ஊதினேன். 3.6 லிட்டர் தண்ணீர் வெளியேறியது. 1846இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த கலத்தைக் கொண்டு அளந்த ‘உயிர்ப்புத் திறன்’ இதுதான். ஆள் உயரமாக இருந்தால் இந்த அளவும் கூடும் என்று கண்டவர் அவர். எவ்வளவு முக்கி ஊதினாலும் ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று உள்ளேயே தங்கிவிடும். சும்மா இருக்கும்போது நாம் இழுப்பது அரை லிட்டர்தான். அதிலும் சுமார் 150 மில்லி லிட்டர் மூச்சுக்குழாயிலும் அதன் கிளைகளிலும் நின்று, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை எட்டாமலே திரும்பிவிடுகிறது.

பெரியவரிடம் 3.6 என்று பெருமையாகச் சொன்னேன். “அளவு கிடக்கட்டும் தம்பி, விலா இறங்காமல் ஊது” என்றார். அதன் பொருள் கண்ணாடி முன் நின்று, கடைசி விலா எலும்பில் கைவைத்து ஊதியபோது புரிந்தது. நிரம்பிய நுரையீரல் சுருங்கத் துடிக்கும். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலே காற்று மளமளவென்று வெளியேறிவிடும். ஆகவே ஊதத் தொடங்கும்போது உள்ளிழுக்கும் தசைகளே, அதாவது உதரவிதானமும் விலாக்களுக்கிடையிலுள்ள வெளித்தசைகளும், பிடிமானம் கொடுக்க வேண்டும். காற்று குறைந்தபிறகுதான் வயிற்றுத் தசைகள் தள்ளும் வேலைக்கு வருகின்றன. இதைப் பழகியபின், அதே 3.6 லிட்டரில் என் ஒற்றை ஸ்வரம் முன்பைவிடத் தெளிவாகவே நீள்கிறது.

நடுவில் ஒரு எச்சரிக்கை. ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து ஊதினால் தலை கிறுகிறுக்கும். ஆக்சிஜன் போதாமல் வருவதல்ல அது. இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைவதால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உட்கார்ந்து பழகுங்கள். கிறுகிறுத்தால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது கன்னம். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுப் பாருங்கள்; யாருக்கும் வரும். நாக்கின் அடிப்பகுதி எழுந்து மெல்லண்ணத்தைத் தொட்டு வாயை அடைக்கிறது, மூக்கிலிருந்து தொண்டைக்கு வழி திறந்திருக்கிறது. அப்படியே தண்ணீரை மெல்லிய தாரையாகத் துப்பிக்கொண்டே மூக்கால் இழுக்க வேண்டும். ஒத்தின் இரகசியம் முழுவதும் இந்தச் சில நொடிக்குள் இருக்கிறது: கன்னம் ஊதுகிறது, மார்பு நிரம்புகிறது.

தண்ணீருக்குப் பிறகு காற்று. டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழல் வைத்துக் குமிழி அறாமல் ஊதுவது இப்போது எனக்கு வருகிறது. சீவாளியை மட்டும் வாயில் வைத்தால், மார்பிலிருந்து கன்னத்துக்கு மாறும் இடத்தில் சத்தம் தொய்கிறது. காரணம் அழுத்தம். குழல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் பத்து சென்டிமீட்டர் நீரழுத்தம் போதும். சீவாளி அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. கன்னத் தசைக்கு அந்த வலு இன்னும் வரவில்லை. அதனால் உயரமான பாட்டிலுக்கு மாறி, குழலைச் சிறிது சிறிதாக ஆழத்தில் இறக்கிப் பழகுகிறேன். முப்பது சென்டிமீட்டரில் குமிழி நிற்காமல் வந்தால் ஒத்துக் குழலைக் கையில் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். இப்போது இருபதில் இருக்கிறேன்.