த்ரீ நொட் த்ரீ: ஒரு பழைய துவக்கின் பெயரைத் தேடிய நாட்கள்

2024 செப்டெம்பர் 14, சனி

ஒன்ராறியோவின் பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பண்ணை வீட்டில் துவக்கு ஒன்று வாங்கினேன். 350 டொலர். விற்ற கிழவர் அது தன் அண்ணனுடையது என்றார். அண்ணன் போய் இரண்டு வருடமாம். "பார்க்கர்-ஹேல், 303" என்று சொல்லித்தான் கையில் தந்தார். 303 என்பது ரவையின் அளவு. பின்பக்கம் பொருத்தியிருந்த, குறிபார்க்கும் ஓட்டைச் சைட்டில் பார்க்கர்-ஹேல் என்ற அந்த இங்கிலாந்துக் கொம்பனியின் பெயர் இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன்.

கையில் தருவதற்கு முன் என் லைசென்ஸ் எண்ணை வாங்கிப் பதிவாளரிடம் சரிபார்த்தார். குறிப்பு எண் வரும்வரை இருவரும் கோப்பி குடித்தோம். 2022 மே மாதத்திலிருந்து கனடாவில் வேட்டைத் துவக்குகளுக்கும் இந்த நடைமுறை உண்டு. வாங்குபவரின் லைசென்ஸ் செல்லுபடியாகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். கைமாறுவது என்ன துவக்கு என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கண்டுபிடிப்பது நம் பாடு.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்ததும் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "விசரே உனக்கு? துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீ காசு குடுத்து வாங்கி வாறாய்." மான் வேட்டைக்கு, பூட்டித்தான் வைப்பேன், ரவையைத் தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றித் தனியாக வைப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கிட்ட வந்து கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார்.

"உது பொலிஸ்காரன்ர த்ரீ நொட் த்ரீ எல்லோ."

"இல்லை அம்மா, இது பார்க்கர்-ஹேல்."

"என்னவோ." போய்விட்டார். கறி அடிப்பிடித்த வாசம் வந்தது.

செப்டெம்பர் 15, ஞாயிறு

இன்று முழுக்க மேசையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, துவக்கை அதன்மேல் கிடத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வேலையாக வெறுமையாக இருக்கிறதா என்று விரலை விட்டே பார்த்தாயிற்று.

தெரிந்தவற்றிலிருந்து தொடங்குவோம். போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது பாரமே இல்லை. முன்னுக்குத் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் எதிர்க்கிறது, அதாவது ரவையை அடிக்கிற ஊசி மூடும்போதுதான் சுடத் தயாராக ஏறி நிற்கிறது. ஜேர்மனியின் மவுசர் வகையில் பெரும்பாலும் திறக்கும்போதே ஏறிவிடும். பூட்டுகிற காதுகள் போல்ட்டின் முன்முனையில் இல்லை, பின்பக்கம் இருக்கின்றன. மகசின் விசைக்கு முன்னால் தொந்திபோலத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, 10 ரவை பிடிக்கும். இவ்வளவும் சேர்ந்தால் பிரிட்டிஷ் இராணுவத்தின் லீ-என்ஃபீல்ட், அதாவது அம்மாவின் த்ரீ நொட் த்ரீ, என்பதில் சந்தேகமில்லை. அம்மா பத்து வினாடியில் சொன்னதற்கு எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று.

ஆனால் லீ-என்ஃபீல்ட் என்பது குடும்பப் பெயர்தான். முதல் உலகப் போரில் பெயர் வாங்கிய நம்பர் 1 மார்க் 3 ஒன்று, இரண்டாம் போரின் நம்பர் 4 இன்னொன்று. முழு மரத்தோடு இருந்தால் மூக்கைப் பார்த்தே பிரித்துவிடலாம். நம்பர் 1இல் முன்முனை முழுக்க ஒரு இரும்பு மூடி கவிந்திருக்கும், நம்பர் 4இல் குழல் மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் துவக்கில் பாதி மரமே இல்லை. யாரோ ஒருவர் மேல்மரத்தை எறிந்து, முன்மரத்தை அறுத்து, சைவக் கடை வடைபோல உருட்டித் தேய்த்திருக்கிறார். போருக்குப் பிறகு இராணுவ உபரித் துவக்குகள் மலிவாகக் கிடைத்த காலத்தில் கனடாவின் நாட்டுப்புறத்துக் கராஜ்களில் இப்படி எத்தனையோ துவக்குகள் அறுபட்டன. இன்றைய சேகரிப்பாளர்கள் அதை நினைத்து அழுவார்கள். எனக்கு அழுகை இல்லை. முழுதாக இருந்தால் 350க்கு யார் தருவார்?

மரம் போனாலும் இரும்பு போகாது. நம்பர் 1இல் போல்ட் தலை வலப்பக்கம் வெளியே தெரியும் ஒரு விளிம்பைப் பற்றிக்கொண்டு ஓடும், இதில் உள்ளே வெட்டிய பள்ளத்தில் ஓடுகிறது. போல்ட் ஓடுகிற இரும்பு உடம்பின், அதாவது ரிசீவரின், இடப்பக்கச் சுவர் தட்டையாகவும் உயரமாகவும் இருக்கிறது. பின் சைட் குழலின்மேல் இல்லை, ரிசீவரின் பின்கோடியில் இருக்கிறது. ஆகவே நம்பர் 4.

போல்ட்டைக் கழற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது. சாதாரண நம்பர் 4 மார்க் 1இல் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து ஒரு சின்னக் கொக்கியை அழுத்தினால்தான் தலை விடுபடும். இதில் கொக்கியே இல்லை. பள்ளத்தின் முன்பகுதியில் ஒரு வெட்டு இருக்கிறது, போல்ட் தலை அந்த வெட்டுக்கு நேரே வரும்போது மேலே தூக்கிவிடலாம். வேலையைக் குறைக்கச் செய்த இந்தச் சுருக்குவழிக்குத்தான் மார்க் 1க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். அந்த வெட்டின் ஓரம் உடைந்திருந்தால் போல்ட்டை இழுத்துத் தள்ளும்போது தலை தானாகவே கழன்று மேலே வரலாம். டோர்ச் அடித்துப் பார்த்தேன். உடையவில்லை.

பார்க்கர்-ஹேல் கதையும் இங்கேயே முடிந்தது. பர்மிங்காமின் அந்த நிறுவனம் லீ-என்ஃபீல்ட்களை வேட்டைத் துவக்காக மாற்றி விற்றது உண்மைதான். ஆனால் அது மாற்றியதென்றால் குழலில் அதன் பெயரும், பர்மிங்காம் சோதனை முத்திரையும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. சைட் மட்டும்தான் அவர்களுடையது. மாருதி காரில் பென்ஸ் சாவிவளையம் தொங்கினால் அது பென்ஸ் ஆகிவிடுமா?

செப்டெம்பர் 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! நட்சத்திரம் போட்ட மாதிரியை உலகிலேயே இரண்டு இடங்களில்தான் செய்தார்கள். ஒன்று ரொறன்ரோவுக்குப் பக்கத்து லாங் பிராஞ்ச் ஆயுதச்சாலை, மற்றது அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸில் சிக்கோபி ஃபால்ஸில் இருந்த சவேஜ் தொழிற்சாலை. பிரிட்டனின் தொழிற்சாலைகள் அதைத் தொடவேயில்லை. சவேஜ் தன் தொடரெண்களின் நடுவே ஊரின் முதலெழுத்தான சி போட்டது, லாங் பிராஞ்ச் எல் போட்டது. போல்ட் கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணைத் துடைத்துப் பார்த்தால் நடுவில் சி.

சவேஜ்! வன்னி அண்ணைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் முல்லைத்தீவுக் காட்டில் இடியன் துவக்கோடு அலைந்தவர், இங்கே பதினைந்து வருடமாக மான் வேட்டைக்குப் போகிறார். ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "போல்ட்டிலயோ பார்த்தனீர்? உடம்பில பார்க்கேல்லையோ தம்பி?"

செப்டெம்பர் 18, புதன்

அண்ணை சொன்னது சரி. போல்ட் கழலும் சாமான், யாரும் மாற்றியிருக்கலாம். சட்டத்தின் கண்ணிலும் துவக்கு என்பது ரிசீவர்தான். நேற்று எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

செப்டெம்பர் 21, சனி

இடப்பக்கச் சுவரில்தான் பெயர் இருக்க வேண்டும். ஆனால் அங்கே ரோட்டுத் தார்போலக் கறுப்புப் பெயின்ற். மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் அசற்றோனை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். (புதுப் போத்தல் வாங்கி வைக்கும்வரை கதைக்கமாட்டாளாம்.) மரத்தின் எண்ணெய்ப் பூச்சில் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்பு போய்விடும். கத்தியோ உப்புத்தாளோ தொடக்கூடாது. எழுத்தின் ஆழம் ஒரு தலைமயிர் அளவுதான், தேய்த்தால் போனதுதான்.

அரை மணித்தியாலத்தில் முதலில் வந்தது 4. அடுத்து எம். பிறகு அந்த நட்சத்திரம், ஆறு கால் பூச்சிபோல. கீழ்வரியில் "லாங் பி" வரை வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு ஓட்டை. தொலைநோக்கி பொருத்துவதற்காக யாரோ சுவரைத் துளைத்திருக்கிறார், அதுவும் எழுத்தின் நடுவே! அதற்கும் கீழே வருடம்: 194. கடைசி இலக்கத்தின் மேல் இன்னொரு ஓட்டை.

துளைத்தவரை நினைத்துக் கொஞ்சம் வாய்விட்டே திட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

செப்டெம்பர் 22, ஞாயிறு

ஓட்டையின் கீழ்ப்பக்கம் இலக்கத்தின் வால் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் இடப்பக்கம் வளைந்து ஏறுகிற கோடு. 1 இல்லை, 2 என்றால் அடி தட்டையாக இருக்கும், 4 என்றால் நேர்க்கால். போர் ஆண்டுகளில் மிஞ்சுவது 3 அல்லது 5.

அடுத்து பின்கட்டை ரிசீவரோடு சேரும் இரும்புக் கிண்ணம். அங்கேயும் பெயின்ற், அங்கேயும் அசற்றோன். இடப்பக்கத்தில் தொடரெண் முழுசாக வந்தது, நடுவே எல். முழு எண்ணை இங்கே எழுதமாட்டேன், அது எனக்கும் பூட்டுக்கும் மட்டும். எல்லுக்கு முன்னால் உள்ள எண் முப்பதுகளில் இருக்கிறது என்று சொன்னால் போதும். லாங் பிராஞ்சில் 10,000 துவக்குக்கு ஒருமுறை அந்த முன்னெண் ஒன்று கூடும். முப்பதுகள் என்றால் மூன்று லட்சம் தாண்டி, நான்கு லட்சத்துக்குள். அங்கே செய்த நம்பர் 4கள் மொத்தம் 9 லட்சத்துக்கும் மேல். 1945 ஆகியிருந்தால் முன்னெண் இதைவிட எவ்வளவோ கூடியிருக்கும். ஆகவே 3. ஆகவே 1943.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: லீ-என்ஃபீல்ட், நம்பர் 4, மார்க் 1 நட்சத்திரம், லாங் பிராஞ்ச், 1943. மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டார். "த்ரீ நொட் த்ரீ இல்லையோ அப்ப?"

அதுதான் என்றேன். பொலிஸ்காரன் வைத்திருந்தது நம்பர் 1 ஆக இருந்திருக்கும், இது நம்பர் 4 என்று தொடங்கினேன். பரந்தன் சந்தியில் நின்ற பொலிஸ்காரன் போல்ட்டை இழுத்துவிட்டால் வருகிற சத்தம்தான் தனக்கு ஞாபகம் என்றார். "உள்ளுக்கு என்ன நம்பர் எண்டு நாங்கள் போய்ப் பாக்கேல்லை."

செப்டெம்பர் 28, சனி

துவக்குத் திருத்துபவரிடம் போனேன். பெயர் தெரிந்தாயிற்று, இனி எதற்கு என்று கேட்கலாம். பெயர் தெரிந்ததால்தான் போக வேண்டியிருந்தது. உடம்பு லாங் பிராஞ்ச், போல்ட் சவேஜ், இரண்டும் ஒன்றோடொன்று பிறந்தவை அல்ல. 303 ரவையின் அடியில் ஒரு விளிம்பு உண்டு, போல்ட் முகத்துக்கும் குழலின் வாய்க்கும் நடுவே அந்த விளிம்புக்கு எவ்வளவு இடம் என்பதுதான் ஹெட்ஸ்பேஸ். 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, இராணுவக் கணக்கில் 0.074ஐத் தாண்டக்கூடாது. அவர் 0.074 அளவுக்கட்டையை வைத்துப் போல்ட்டை மூடினார். மூடிவிட்டது. மூடக்கூடாது.

நல்லவேளையாக லீ-என்ஃபீல்டில் இதற்கு மருந்து சுலபம். போல்ட் தலை தனியாகத் திருகிக் கழற்றக்கூடியது, 0 முதல் 3 வரை எண் போட்டிருக்கும், எண்ணோடு நீளமும் கூடிக்கொண்டே போகும். என்னிடம் இருந்தது 1. அவர் இழுப்பறையைக் கிண்டி ஒரு 2ஐ எடுத்துப் போட்டார். அளவுக்கட்டையின் மேல் போல்ட் மூட மறுத்தது. 40 டொலர்.

அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஒன்ராறியோவின் கிளின்டனில் எல்வுட் எப்ஸ் என்றொரு துவக்குத் தொழிலாளி இருந்தார். 303 ரவையின் தோளை முன்னுக்குத் தள்ளி வெடிமருந்து கூடக் கொள்ளும்படி 303 எப்ஸ் என்று ஒரு ரவை வகையையே உருவாக்கினார். இந்தப் பக்கத்தில் அறுத்த லீ-என்ஃபீல்ட்களில் சில அப்படி ரவை உட்காரும் அறை அகட்டியவை, வெளியே ஒரு குறிப்பும் இருக்காது. அதனால் குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தை அறைக்குள் ஊற்றி, ஆறியதும் அச்சை வெளியே எடுத்து அளந்தார். சாதாரண 303தான்.

குழலையும் அளந்தோம். இராணுவத்தில் இருந்தபோது 25.2 அங்குலம், இப்போது 22. உள்ளே பார்த்தால் திருகுப் பள்ளங்கள் இரண்டே இரண்டு. போர்க்காலத்தில் ஐந்து வெட்டும் நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டோடு விட்டார்கள்.

ஒக்டோபர் 5, சனி

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மிசிசாகா லேக்ஷோர் வீதிக்குப் போனேன். தொழிற்சாலை இல்லை. துவக்குகளைச் சோதித்த கட்டடம் இன்னும் நிற்கிறது, இப்போது அது கலைக்கூடம். 1940இல் தொடங்கிய அந்த இடத்தில் போர் உச்சத்தில் 5,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

"உந்தத் துவக்கைப் பொம்பிளையளோ செய்தவை?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். பிறகு செங்கல் சுவர் ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழு நீளமும் நடந்து வந்தார். ஏரிக்காற்று குளிர்ந்தது, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீ-என்ஃபீல்டின் லீ, ஜேம்ஸ் பாரிஸ் லீ, ஸ்கொட்லாந்தில் பிறந்து சின்ன வயதிலேயே இந்த ஒன்ராறியோவின் கால்ட்டுக்கு வந்து வளர்ந்தவர். இன்றைய கேம்பிரிட்ஜ் நகரில் அடங்கும் ஊர்.

ஒக்டோபர் 12, சனி

கிளப் மைதானத்தில் 100 யார். 180 கிரெய்ன் மென்மூக்கு ரவை. முதல் சூட்டைத் துவக்கைக் கட்டி வைத்து, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்துச் சுட்டோம், அண்ணையின் பிடிவாதம். வெற்றுக்கோது நன்றாக இருந்தது, வெடிப்போ வளையமோ இல்லை. பிறகு தோளில் வைத்து ஆறு. நான்கு உள்ளங்கைக்குள், இரண்டு என் தவறு.

வீடு திரும்பியதும் துவக்கை விற்ற கிழவருக்குப் போன் போட்டேன். குறை சொல்ல அல்ல, அது பார்க்கர்-ஹேல் இல்லை, லாங் பிராஞ்ச் என்று தெரிவிக்கத்தான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

அண்ணன் அதை எப்போதும் "என் லாங் பிராஞ்ச்" என்றுதான் சொல்வாராம். ரொறன்ரோவில் லாங் பிராஞ்ச் என்றொரு பகுதி இருக்கிறதே, அங்கே போய் வாங்கி வந்திருப்பார் என்று இவர் ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.