ரெய்டு அடுக்கில் இரண்டாவது வட்டு

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்து வந்த ஒரு சர்வரில், நான்கு 4 டெராபைட் வட்டுகள் ரெய்டு 5 முறையில், அதாவது பல வட்டுகள் ஒன்றுபோல் இயங்கி, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி, இணைக்கப்பட்டிருந்தன. ஒரு மாலையில் அவற்றுள் ஒன்று செயலிழந்தது. கோப்புகள் வழக்கம்போலவே திறந்ததால் பயனர் எவரும் அதை அறியவில்லை. புதிய வட்டைப் பொருத்தி, இழந்த தரவை அதில் திரும்ப எழுதும் மீளமைப்பைத் தொடங்கிவிட்டு, நிம்மதியாக வீடு திரும்பினேன். மறுநாள் காலையில் பார்த்தபோது, மீதமிருந்த வட்டுகளில் ஒன்றிலுள்ள ஒரு செக்டாரை (தரவு எழுதப்படும் சிறு பகுதியை) படிக்க இயலாமல் பணி பாதியில் நின்றிருந்தது. முந்தைய இரவின் நகல் வேறொரு இயந்திரத்தில் இருந்ததால் மட்டுமே தரவு மீண்டது. ஒரு வட்டு போனால் தரவு தப்புமா என்று மட்டுமே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அது போன பிறகு, மாற்று வட்டு முழுமையாக நிரம்பும் வரையிலான நேரத்தில் எது காக்கும் என்பதே சரியான கேள்வி என்று அன்று புரிந்தது.

ரெய்டு என்ற பெயர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையால் பரவியது. விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறிய வட்டுகள் பலவற்றைச் சேர்த்தால் வேகம் கிடைக்கும். ஆனால் நூறு வட்டுகள் சேர்ந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாவதற்கான சராசரிக் காலம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதையும் அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதற்கு மாற்றாகவே 1 முதல் 5 வரையிலான நிலைகளை வகுத்தார்கள். பின்னாளில் வழக்கில் வந்த ரெய்டு 0 தரவைப் பல வட்டுகளில் பிரித்து எழுதுவதோடு நின்றுவிடுகிறது. அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. ரெய்டு 1 அதே தரவை இன்னொரு வட்டிலும் அப்படியே எழுதுகிறது.

ரெய்டு 5 செய்யும் வேலை இவற்றைவிட அழகானது. மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 0 என்ற பிட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். மொத்த ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வேண்டும் என்ற ஒரே விதிப்படி, நான்காவது வட்டில் பாரிட்டியாக, அதாவது சரிபார்ப்பு பிட்டாக, 1 எழுதப்படுகிறது. முதல் வட்டு அழிந்துவிட்டால் எஞ்சுபவை 0, 0, 1; எண்ணிக்கை ஒற்றைப்படையாக நிற்பதால், தொலைந்தது 1 என்று தெரிந்துவிடுகிறது. எத்தனை வட்டுகள் இருந்தாலும், ஒரு வட்டின் அளவு இடத்தை மட்டும் செலவிட்டு, எந்த ஒரு வட்டின் இழப்பையும் ஈடுசெய்துவிடலாம். பாரிட்டி ஒரே வட்டில் குவிந்தால் தரவை எழுதும் ஒவ்வொரு பணியும் அங்கே காத்துக் கிடக்கும் என்பதால், அது எல்லா வட்டுகளிலும் சுழற்சியாகப் பரப்பப்படுகிறது.

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. இழந்த வட்டைத் திரும்ப எழுத வேண்டுமானால், எஞ்சிய எல்லா வட்டுகளையும் முதலிலிருந்து கடைசி வரை பிழையின்றிப் படித்தாக வேண்டும். என் சர்வரில் அது 12 டெராபைட். மேசைக்கணினி வட்டுகள் பலவற்றின் விவரக்குறிப்பில், 100 இலட்சம் கோடி பிட்டுகளைப் படிக்கும்போது மீட்க முடியாத பிழை ஒன்று வரை நேரலாம் என்று உச்சவரம்பு குறிக்கப்பட்டிருக்கும், அது 12.5 டெராபைட்டுக்குச் சமம். நடைமுறையில் வட்டுகள் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன என்றாலும், இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கியிருப்பதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். நேரமும் சிறிதன்று. 16 டெராபைட் வட்டு ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்புவதற்கே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயனர்களின் வேலையும் கூடவே நடந்தால் இது இன்னும் நீளும். ஒரே தொகுதியில் தயாராகி, ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே அளவு உழைத்த வட்டுகள் அந்நேரத்தில்தான் மிகுந்த சுமையைத் தாங்குகின்றன.

ரெய்டு 6 இதற்காகவே இரண்டாவது பாரிட்டியைச் சேர்க்கிறது. அது முதலாவதன் நகலன்று. 1960இல் ரீடும் சாலமனும் வகுத்த குறியீட்டு முறையைத் தழுவி, வேறொரு கணக்கில் பெறப்படுவது. ஆகவே ஒரு வட்டு இல்லாத நிலையில் இன்னொன்றில் படிக்க முடியாத செக்டார் வந்தாலும் மீளமைப்பு நிற்காது. ஆனால் சிறிதளவு தரவை ஒரு முறை எழுத ரெய்டு 5இல் நான்கு வட்டுச் செயல்கள் தேவைப்படும் இடத்தில் இங்கே ஆறு தேவைப்படும். தரவுத்தளம் போலச் சிறிது சிறிதாக அடிக்கடி எழுதும் பணிகளுக்கு, பாதி இடத்தை இழந்தாலும், வட்டுகளை நகல் இணைகளாக்கி அவற்றில் தரவைப் பிரித்து எழுதும் ரெய்டு 10ஐயே நான் தேர்ந்தெடுப்பேன். அதில் மீளமைப்புக்கு இணை வட்டு ஒன்றை மட்டும் படித்தால் போதும். அந்த இணையே அந்நேரத்தில் பழுதானால் மட்டும் தப்ப வழியில்லை.

தவறாக அழிக்கப்பட்ட கோப்பும், தீய நிரலால் பூட்டப்பட்ட கோப்பும் எல்லா வட்டுகளிலும் ஒரே நொடியில் மாறிவிடும் என்பதால், எந்த ரெய்டு நிலையும் தனியாக எடுத்து வைக்கும் பேக்கப்புக்கு மாற்றாகாது.

அந்த சர்வரை ஆறு வட்டுகள் கொண்ட ரெய்டு 6ஆக மாற்றி அமைத்தேன். யாரும் திறக்காத பழைய கோப்புகளின் அடியில் கெட்டுப்போன செக்டார்கள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், மாதம் ஒரு முறை எல்லா வட்டுகளையும் முழுமையாகப் படித்துச் சரிபார்க்குமாறு ஏற்பாடு செய்தேன். சென்ற மாதச் சோதனையில் ஒரு வட்டில் மூன்று செக்டார்கள் படிக்க முடியாதவையாக இருந்தன. பாரிட்டியிலிருந்து அவை கணக்கிடப்பட்டுத் திரும்ப எழுதப்பட்டுவிட்டன; அந்த வட்டை மாற்றுவதற்கும் நாள் குறித்துவிட்டேன்.