டம்ளரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்

"நீங்க பக்கத்துல இருந்து சொன்னா வருது தம்பி. வீட்டுல யார் சொல்லுவா?"

பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் சிகிச்சைப் பயிற்சிக்கு வந்து, வலது கையை நீட்டி டம்ளரை எடுக்கப் பழகிக்கொண்டிருந்த பெரியவர் இதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. "பழகப் பழக வந்துடும் ஐயா" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறைக்காக டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்கு எவ்வளவு பேசியிருக்கிறேன்! கை கிளம்பும்போதே "தோளைத் தூக்காதீங்க". பாதி வழியில் "உடம்பு முன்னால சாயுது பாருங்க". விரல் விரியும் முன்பே "கட்டைவிரல், கட்டைவிரல்". முழங்கை நீளாத குறையைத் தோளும் முதுகும் ஈடுகட்டப் பார்க்கும், விட்டால் அதுவே பழக்கமாகிவிடும். அதனால்தான் பேசினேன். பலனும் தெரிந்தது. செஷன் முடியும்போது பத்துக்கு எட்டு முறை தண்ணீர் சிந்தாமல் எடுத்தார். மறுநாள் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்வது வேறு, கற்றுக்கொள்வது வேறு. 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும், உடல் அசைவுகளை மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதியது இதைத்தான். அடிக்கடி திருத்திக்கொண்டே இருந்தால் அப்போதைக்கு அசைவு சீராகும். ஆனால் கற்பவர் அந்தத் திருத்தத்தையே நம்பி நிற்பார், தன் உடம்பு சொல்வதைக் கேட்கப் பழக மாட்டார். தேர்வில் இதை எழுதியவன் நான். பெரியவர் அதையே ஒரு வரியில் கேட்டபோது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தபோது பேச்சைக் குறைத்தேன். ஐந்து முறை எடுத்த பிறகு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தண்ணீர் சிந்தியது. தோள் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பதும் வேலைதானா, இல்லை அலட்சியமா என்று எனக்கே பிடிபடவில்லை. ஏறிய தோளோடு நூறு முறை செய்தால் வலிதானே மிஞ்சும்? ஆரம்ப நாட்களில் பேசத்தான் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். எந்த நாளில் நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1920-களில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற சோவியத் ஆய்வாளர் சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியல் கிட்டத்தட்ட ஒரே தடத்தில் போகிறது, தோள், முழங்கை, மணிக்கட்டோ ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மாறுகின்றன. கைதேர்ந்தவர்களுக்கே அப்படியென்றால், நான் பெரியவரிடம் கேட்ட அந்த ஒரே 'சரியான' அசைவு யாருடையது? சரி, அவர்கள் நலமான உடம்புக்காரர்கள், இவர் அப்படியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முழுதாக நம்ப முடியவில்லை.

கடைசி செஷனில் அவர் கை பாதி வழியில் நின்றது. டம்ளரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினேன். கை மறுபடி கிளம்பி டம்ளரைப் பிடித்தது.

"வந்துடுச்சு தம்பி" என்றார்.

வீட்டில் எடுக்க முடிகிறதா என்று அன்றும் நான் கேட்கவில்லை.