ரிப்போர்ட் யாருக்கு?

பதினோரு வயதுப் பையன். காதில் ஹியரிங் எய்டு. அவன் அம்மா எங்கள் மரபணு ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். பையனோ முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தான். ‘முடிவுகள் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்’ என்ற வரியில் விரல் நின்றது.

“ரத்தம் என்னோடதுதானே அக்கா? எனக்குச் சொல்ல மாட்டீங்களா?”

“சும்மா இருடா” என்றார் அம்மா. “நீ பெரியவனானதும் சொல்வோம்” என்றேன் நான்.

அப்படி ஒரு ஏற்பாடு எங்கள் ஆய்வில் இல்லவே இல்லை. மூன்றாண்டுக்குத்தான் நிதி. அது முடிந்ததும் பெயர்களை நீக்கிவிட்டுத் தரவை மட்டும் வைத்துக்கொள்வதாகத் திட்டம். அவன் பெரியவனாகும்போது அவனைத் தேடிப்போக யாரும் இருக்கப்போவதில்லை. ஒரு குழந்தையிடம் தெரிந்தே பொய் சொன்னேன். அது இன்னும் உறுத்துகிறது.

பிறவிக் காது கேளாமைக்கான மரபணுக் காரணங்களைத் தேடும் ஆய்வு அது. நான் அதில் மரபணு ஆலோசகர். காதுக்காகத்தான் தேடினோம் என்றாலும், புரதம் உருவாக்கும் மரபணுப் பகுதிகள் அத்தனையையும் படித்துவிடுவோம். அதனால் தேடாததும் கண்ணில் படும்.

கண்ணில் பட்டது குழந்தைப் பருவத்திலேயே கவனிக்க வேண்டியதாக இருந்தால் குழப்பமில்லை. ரெட் என்ற மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தால் ஐந்து வயதுக்குள் தைராய்டை எடுத்துவிடச் சொல்வார்கள், தாமதித்தால் புற்றுநோய். உடனே சொல்லித்தான் ஆக வேண்டும். மறுமுனையில் ஹண்டிங்டன் நோய், பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி மூளையைச் சிதைப்பது. அதன் மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. பரிசோதனை இருக்கிறது, குணப்படுத்தும் மருந்து இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. அப்படியும் பெரியவர்களில் பெரும்பாலோர் பரிசோதித்துக்கொள்ளாமலே வாழ்கிறார்கள். தெரியாமல் இருக்கும் அந்த உரிமையை ஒரு குழந்தையிடமிருந்து பறிக்கக் கூடாது என்பதால், அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை.

சிக்கல் எல்லாம் நடுவில் இருப்பவற்றில்தான். ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் வந்தது. இந்த மாற்றம் உள்ள பெண்களில் 100க்கு 60 பேருக்கும் மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரலாம். ஆனால் அந்தக் குழந்தைக்கு 25 வயது வரை செய்ய வேண்டியது எதுவும் இல்லை. இன்றைக்கு அவசரம் அவளுக்கு அல்ல, அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர்களுக்கு. இத்தகைய மாற்றம் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்துதான் வரும். அந்த அம்மாவுக்கு நாற்பதை நெருங்கும் வயது.

எங்கள் திட்ட வரைவோ குழந்தைப் பருவ நோய்களை மட்டுமே தெரிவிக்க அனுமதித்திருந்தது. நெறிமுறைக் குழுவுக்குப் போனோம். அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பு 2013இல் 56 மரபணுக்களைப் பட்டியலிட்டு, நோயாளி குழந்தையாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றது; பிஆர்சிஏ2 அதில் உண்டு. மறு ஆண்டே ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் வழியும் சேர்க்கப்பட்டது. ஆனால் அது மருத்துவமனைப் பரிசோதனைக்கானது, ஆய்வுக்கு அல்ல என்றார் ஒருவர். பச்சிளங் குழந்தைகளின் மரபணுவை ஆராய்ந்த பேபிசீக் ஆய்விலும் இதே பிஆர்சிஏ2 சிக்கல் வந்து, அவர்கள் தங்கள் திட்டத்தையே மாற்றிக்கொண்டதை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். “அம்மாவுக்காகக் குழந்தையின் ரகசியத்தை உடைக்கிறோமா?” என்ற கேள்வியில்தான் அதிக நேரம் போனது.

நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு அம்மா உயிரோடு இருப்பதும் அவளுடைய நலன்தானே? நான் அதைத்தான் சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன். பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. அந்த நாட்களில் அந்த அம்மா காதுப் பரிசோதனைக்காகக் குழந்தையுடன் ஒருமுறை வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். என் மேஜை இழுப்பறையில் அந்த ரிப்போர்ட் இருந்தது.

கடைசியில் அனுமதி கிடைத்தது. புதிதாக ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்தில் மறுபடி உறுதி செய்துகொண்ட பிறகே சொன்னோம். ஆய்வுக்கூட முடிவை அப்படியே தூக்கிக் கொடுக்கக் கூடாது. சாம்பிள் மாறிப்போவது நடக்கிற காரியம். தனக்கு என்ன என்று அந்த அம்மா கேட்பார் என நினைத்திருந்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

“இவகிட்ட எப்போ மேடம் சொல்றது?”

ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாம், அவள் கேட்கும்போது வயதுக்கேற்ற அளவு உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். முழு ரிப்போர்ட்டையும் என்ன செய்வது என்று அவள் 18 வயதில் முடிவெடுக்கட்டும், அதுவரை இங்கே பத்திரமாக இருக்கும் என்றேன். இந்த முறை பொய் இல்லை. முந்தைய வாரம்தான் குழுவிடம் கெஞ்சிக் கூத்தாடி, 18 வயதில் மீண்டும் தொடர்புகொள்ளும் விதியைச் சேர்க்க வைத்திருந்தேன். படம் போட்டு எளிய மொழியில் சிறுவர்களுக்குத் தனிச் சம்மதத் தாளும் வந்தது. அவர்கள் வேண்டாம் என்றால் ஊசி போடுவதில்லை.

அப்புறம் அந்தப் பையன். அவன் முடிவு ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று வந்தது. நோய்க்குக் காரணமா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று அர்த்தம். இப்படிப்பட்ட முடிவைப் பெற்றோரிடம் சொல்லவே தயங்குவோம். வீண் பயம்தான் மிஞ்சும். காதுக்கான மரபணுவிலேயே இருந்ததால் சொன்னோம். அம்மாவுக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, பையனும் கேட்கலாமா என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்போ உங்களுக்கே தெரியலையா அக்கா?”

“இன்னும் தெரியலை. தெரிஞ்சா சொல்றேன்.”

“எனக்கா, அம்மாவுக்கா?”

“ரெண்டு பேருக்கும்” என்றேன். போனை வைத்ததும் அவன் பிறந்த தேதியைப் பார்த்து, 18 வயது நிறையும் ஆண்டை அவன் கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதினேன்.