எஸ்தெலி: ஒரே சுருட்டு, வேறு வேறு மேலிலை

நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் பஸ் நிலையம் வரை கொண்டுவிட டாக்ஸிக்காரர் கேட்டது 20 டாலர். தொண்டை வறளப் பேரம் பேசி 15 கொடுத்தேன். அந்தப் பணத்தில் அங்கிருந்து எஸ்தெலி நகருக்குப் பஸ்ஸில் நான்கு தடவை போகலாம். பகல் கொள்ளை!

பஸ் என்பது அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த பழைய வண்டி. இருக்கையும் பிள்ளைகளின் அளவுக்கே. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்தபோது கெசியோ விற்கும் பெண் ஏறினார். சோள ரொட்டியில் சுருட்டிய இளம் பாலாடைக்கட்டி, ஊறிய வெங்காயம், மேலே தாராளமாகப் பாலேடு, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள். பையின் மூலையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். நிகரகுவாவில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் சிறந்தது.

எஸ்தெலிக்கு வந்தது சுருட்டுக்காக. 1959 புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டு வெளியேறியவர்கள் வளர்த்த தொழில் இது. தொழிற்சாலையில் முதலில் இலைகளை ஆளுயரத்துக்கு அடுக்கிப் புளிக்க வைக்கும் கூடம். நுழைந்ததுமே அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. குவியலின் நடுவில் சூடு ஏறும். அளவு மீறுவதற்குள் பிரித்து மாற்றி அடுக்குகிறார்கள். மடுரோ என்ற கருநிற இலைக்குச் சூடும் காலமும் அதிகம். தடித்த இலை தாங்கும். நிழலில் வளர்ந்த மெல்லிய கனெக்டிகட் ரக இலை தாங்காது.

சுருட்டும் மேசையில் இருவர் இருவராக வேலை. ஒருவர் உள்ளிலைகளைச் சேர்த்து இடை இலையால் கட்டுகிறார். பெரும்பாலும் பெண்ணாக இருக்கும் மற்றவர், நரம்பு நீக்கிய மேலிலையைப் பிறைக்கத்தியால் வெட்டிச் சுற்றுகிறார். எடையில் அற்பமான இந்த இலைதான் விலையில் உச்சம்.

"சுவையில் முக்கால் பங்கு மேலிலைதான்" என்றார் வழிகாட்டி. எப்படி அளந்தார்களாம்? கேட்டதற்குச் சிரித்தார். ஆனால் பிறகு செய்து காட்டியது அருமை. ஒரே உள்ளிலைக் கலவை, இரண்டு சுருட்டு. ஈக்வடாரில் மேக மூட்டமே பந்தலாக நிற்க வளர்ந்த கனெக்டிகட் ரக இலை சுற்றியதில் பாலேட்டு வழவழப்பும் லேசான மர வாசனையும். மெக்சிகோவின் சான் ஆந்த்ரெஸ் மடுரோ சுற்றியதில் காப்பி, கசப்புச் சாக்லேட், உதட்டிலேயே ஒட்டும் இனிப்பு. அதே கலவையில் மூன்றாவதாக ஒன்றை எடுத்து மேலிலையை உரித்தே விட்டார். மிளகுக் காரம் அப்படியே இருந்தது, இனிப்பைக் காணோம்.

என் கணக்கு வேறு. பாதி எரிந்தபின் உள்ளிருக்கும் லிகேரோ என்ற, செடியின் உச்சியில் விளையும் இலையின் வீரியம் மேலோங்கி, இரண்டு சுருட்டும் நெருங்கி வந்துவிடுகின்றன. முக்கால் பங்கு என்பது விற்பனைப் பேச்சு.

போவோருக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மேசைகள் காலியாக இருக்கும். பிராண்ட் பெயர் போட்ட காகிதப் பட்டையில்லாத சுருட்டு கேளுங்கள். பளபளப்புப் பெட்டிக்குத் தரும் காசில் இரண்டு நாள் தங்கலாம். டாக்ஸி என்றால் ஏறுவதற்கு முன்பே விலை பேசுங்கள், அதுவும் உள்ளூர் நாணயமான கொர்டோபாவில்.