நலம், நலமறிய ஆவல்

பள்ளி மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவு வந்தவர் நம் தமிழ் ஐயாதான். 1962இல் ரங்கூனில் என்னோடு ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள் அவரை மறந்திருக்க முடியாது. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். நேதாஜி படையில் சேர்ந்து பர்மாவுக்கு வந்து, சண்டை முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். "ஐயா, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்போம். புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிடுவார்.

கடிதம் எழுதும் பாடம் வந்தது. பலகையில் "இவ்விடம் நான் நலம்" என்று எழுதியவர், அப்படியே நின்றுவிட்டார். சுண்ணக்கட்டி பலகையிலேயே பதிந்திருந்தது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

பர்மாவின் போப்பா மலைப் பக்கம் படையோடு இருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத தோழர் ஒருவர் ஊரில் இருக்கும் தாய்க்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னாராம். "நான் சுகமாக இருக்கிறேன், பசுவை விற்றுவிடாதே." ஊரோ எதிரணிப் பக்கம், தபால் போகாது. சரி, சண்டை முடிந்ததும் போடலாம் என்று ஐயா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 1945இல் பின்வாங்கிய வழியில் அந்தத் தோழர் வயிற்றுக்கடுப்பில் போய்விட்டார். பிறகு தபால் ஓடத் தொடங்கியது. செத்தவர் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லும் கடிதத்தை எப்படிப் போடுவது? அதைப் போடாமல் வைத்துக்கொள்வதுதான் எப்படி?

மணி அடித்தது. பாடத்தை மறுநாளும் அவர் தொடரவில்லை.

போர்க்கதை எது கிடைத்தாலும் அன்றிலிருந்து நான் தேடுவது அந்தச் சட்டைப்பையைத்தான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலில் நாயகன் பாண்டியன் போருக்கு நடுவே மதுரைத் தெருக்களை மனத்தில் சுமந்து திரிகிறான். வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்கர் டிம் ஓ'பிரையன் 1990இல் வெளியிட்ட 'தி திங்ஸ் தே கேரீட்' (அவர்கள் சுமந்தவை) என்னை உலுக்கிவிட்டது. தலைக்கவசம், தோட்டா என்று எல்லாவற்றுக்கும் எடை சொல்லிக்கொண்டே வருகிறார். ஜிம்மி கிராஸ் என்ற லெப்டினன்ட் ஒரு பெண்ணின் கடிதங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மூட்டையின் அடியில் வைத்திருக்கிறான். நாள் முழுக்க நடந்து, பதுங்குகுழி தோண்டி, கைகழுவிய பிறகே அவற்றை விரல் நுனியால் எடுப்பான். எடை 10 அவுன்ஸ். தன் ஆள் ஒருவன் சுடப்பட்டு இறந்ததும், அவள் நினைப்பிலேயே இருந்த தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவற்றை எரித்துவிடுகிறான். ஐயாவால் அதுவும் முடியவில்லை.

நம் மண்ணில் நடக்கும் ஜப்பானியக் கதை ஒன்று உண்டு, தக்கேயாமா எழுதிய 'பர்மிய யாழ்'. 1956இல் படமாகவும் வந்தது. பிக்கு உடையில் ஒருவர் யாழ் மீட்டுவதை இங்கே யாரும் ஒப்பமாட்டார்கள். எழுதியவர் பர்மாவைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த உடையில் திரியும் ஜப்பானிய வீரன் மிசுஷிமாவின் பாரம் பொய்யில்லை. புதைக்க ஆளில்லாமல் கிடக்கும் பிணங்களைக் கண்டபின் அவனால் ஊர் திரும்ப முடியவில்லை. "மிசுஷிமா, சேர்ந்து ஜப்பான் போகலாம்" என்று ஒரு கிளிக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் தோழர்கள். அவன் போகவில்லை. ஐயா ஏன் மலாயா திரும்பவில்லை என்று அந்தக் கிளியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது போலிருந்தது.

பர்மாவிலிருந்து இந்தியர்கள் வெளியேற நேர்ந்த 1964இல் ஐயாவும் கப்பலேறினார். வழியனுப்பப் போயிருந்தேன். சோதனையில் சட்டைப்பையைக் காட்டச் சொன்னார்கள். மடிப்பு கிழிந்த ஒரு தாள். இது என்ன என்று கேட்டார் அதிகாரி.

"வீட்டுக்குப் போடவேண்டிய கடிதம்" என்றார் ஐயா, பர்மியத்தில்.