அக்கா வீட்டுச் செப்புக் குழாயும் மூன்று காஸ் ரோர்ச்சுகளும்

கிளிநொச்சியில் அக்கா கட்டிய வீட்டில் சூரிய வெந்நீர்த் தொட்டி ஏற்றியபோது, அதிலிருந்து குளியலறை வரைக்கும் 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய் இழுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வன்னியில் எங்களுக்குப் பழக்கமானது பிவிசிதான்; ஆனால் சாதாரண பிவிசி 60 பாகைச் சூட்டுக்கு மேல் இளகிவிடும், ஆடி வெயிலில் அந்தத் தொட்டித் தண்ணீர் அதைத் தாண்டிக் கொதிக்கும்.

செப்புக் குழாய் மூட்டுகளைச் சூடாக்கி, சோல்டர் என்ற உலோகக் கம்பியை உருக்கி ஒட்டுவதற்கு, காஸ் சுடர் வீசும் ரோர்ச் வேண்டும். முதலில் வாங்கியது, கையடக்க அடுப்புகளுக்குப் போடும் 220 கிராம் பியூட்டேன் டின்னின் தலையில் செருகும் மலிவான ரோர்ச். பியூட்டேன் குளிரில் ஒழுங்காக ஆவியாகாது என்று குளிர்நாட்டார் அதை ஒதுக்குவார்கள். எங்கள் வெயிலில் அந்தக் கவலை இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கூரைக்குக் கீழே ஓர் எல்போவுக்கு (குழாயைத் திருப்பும் வளைவு மூட்டு) அடியிலிருந்து நெருப்புப் பிடிப்பதற்காக டின்னைச் சரித்தவுடன், காஸ் திரவமாகவே முனைக்கு வந்து, நீலச் சுடர் ஒரு முழ மஞ்சள் நாக்காக நீண்டு, பக்கத்துச் சிலாகையைக் கருக்கிவிட்டது. கிடுகுக் கூரையாக இருந்திருந்தால் குசினியும் சேர்ந்து போயிருக்கும்.

அடுத்தது இரவல் வாங்கிய, புரொப்பேனைவிடச் சூடாக எரியும் மாப் காஸ் ரோர்ச். சூடு கூடினால் வேலை சுலபம் என்று நினைத்தது என் தவறு. குடிநீர்க் குழாய்க்கு உகந்த, ஈயம் கலவாத சோல்டர் (வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 வீதம்) 227 பாகையிலேயே உருகும், வெறும் புரொப்பேன் சுடரே 1,900 பாகைக்கு மேல் போகும். எனவே என் மூட்டில் பிளக்ஸ் (சோல்டர் ஒட்டுவதற்காகச் செம்பில் பூசும் பசை) கருகியது, சோல்டர் ஒட்டாமல் மணிமணியாக உருண்டு விழுந்தது. பார்த்துக்கொண்டு நின்ற வயதான பிளம்பர் ஒருவர், "தம்பி, கம்பியிலை நெருப்பைக் காட்டாதை, எல்போவைச் சூடாக்கு; சோல்டர் சூட்டைத் தேடித் தானாய் ஓடும்" என்றார்.

மூன்றாவதாக, நீள ஹோஸ் பூட்டிய புரொப்பேன் ரோர்ச்சைத் தெரிவுசெய்தேன். சிலிண்டர் நிலத்தில் நிமிர்ந்து நிற்பதால் கைப்பிடியை எப்பக்கம் திருப்பினாலும் சுடர் மாறாது. முனைக்குள் சுழன்று எரியும் வகையாதலால் சோளகக் காற்றிலும் அணையவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: சமையல் ரெகுலேற்றர் தரும் அழுத்தம் இதற்குப் போதாது, உயரழுத்த ரெகுலேற்றர் வேண்டும். காஸ் காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் தேங்கும். ஆகவே இணைப்புகளைச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்த பிறகே பற்றவைத்தேன். பத்துப் பதினைந்து விநாடியில் எல்போவின் விளிம்பு முழுக்க வெள்ளி வளையம் பளிச்சென்று சுற்றி வந்தது.

கடைசி மூட்டு மட்டும் ஒட்ட மறுத்தது. மேல்வால்வு கசிந்து குழாயில் தண்ணீர் நின்றிருந்தது. அந்த நிலையில் எந்த ரோர்ச்சாலும் செம்பை 100 பாகைக்கு மேல் ஏற்றுவது கடினம். தண்ணீரைத் தடுக்கப் பாணின் நடுப்பகுதியைப் பிய்த்து உள்ளே அடைத்து ஒட்டினேன். மூட்டு பிடித்தது. ஷவர் சல்லடையில் பாண் துகள் வருவது நிற்க இரண்டு நாள் எடுத்தது.